புதிய ரிங் போட்டும் எண்ணெய் எரிவது ஏன்? பிஸ்டன் ரிங்கை அளந்து பொருத்துவது பற்றி

நீடாமங்கலம் பக்கத்தில் ஆழ்குழாய்க் கிணற்றில் ஓடும் உங்கள் 5 குதிரைத்திறன் டீசல் இன்ஜினுக்குச் சென்ற மாதம் புதிய ரிங் செட் (பிஸ்டனைச் சுற்றி உட்காரும் இரும்பு வளையங்கள்) போட்டதாகவும், லைனரையும் (பிஸ்டன் ஏறி இறங்கும் உருளைக் குழாய்) பிஸ்டனையும் மாற்றவில்லை என்றும், 40 மணி நேரம் ஓடிய பிறகும் நீலப் புகை நிற்காமல் எண்ணெய் பழையபடியே குறைவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். போட்ட ரிங் போலியா, ரிங் கேப், அதாவது ரிங்கின் வாயில் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி, எவ்வளவு இருக்க வேண்டும், ரிங்குகளின் வாயை 120 பாகையில் பிரித்து வைக்காததுதான் காரணமா என்று மூன்று கேள்விகளாகக் கேட்டிருந்தாலும், அவற்றின் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது: ஒரு ரிங் ஒரு குறிப்பிட்ட சிலிண்டரில் வேலை செய்யுமா என்பதைப் பொருத்துவதற்கு முன்பே எப்படி அறிந்துகொள்வது? அதற்கு விடை தெரிந்தால் மற்ற மூன்றும் தாமாகவே தெளியும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

நான் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் டீசல் மெக்கானிக் பிரிவில் படித்து, திருவாரூர் மாவட்டத்தில் 28 ஆண்டுகளாகப் பம்புசெட் இன்ஜின்களையும் பவர் டில்லர்களையும் பிரித்துக் கோத்து வருகிறேன். உங்கள் இன்ஜின் 80 மி.மீ. உள்விட்டமும் 110 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கொண்டு நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் கிர்லோஸ்கர் ஏவி1 என்று சொல்லியிருப்பதால், கீழே வரும் கணக்குகளை அந்த 80 மி.மீ. அளவுக்கே போட்டிருக்கிறேன். நான் சொல்லும் எண்களில் சில கணக்கால் உறுதியானவை, சில பட்டறை வழக்கம், சில என் ஊகம். எது எந்த வகை என்பதை அந்தந்த இடத்திலேயே குறிப்பிடுகிறேன். இன்ஜினோடு வந்த கையேடு உங்களிடம் இருந்து, அதில் வேறு எண் இருந்தால், கையேட்டையே பின்பற்றுங்கள்.

முதலில் உறுதியான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரிங் தன் சொந்த இறுக்கத்தால் மட்டுமே அடைப்பதில்லை. மேல் ரிங்கின் பின்பக்கத்தில், பிஸ்டன் பள்ளத்துக்குள் எரியும் அறையிலுள்ள வாயுவின் அழுத்தம் புகுந்து அதை லைனர் சுவரோடு அழுத்துகிறது. ரிங்கின் இறுக்கம் அந்த அழுத்தம் வரும்வரை அதைச் சுவரில் தொட்டபடி வைத்திருக்கத்தான். ஆகவே ரிங் சுவரை முழு வட்டமாகத் தொடவில்லை என்றால், வாயு பின்னால் சென்று அழுத்துவதற்குப் பதில் முன்பக்கமாகவே நழுவிக் கீழே எண்ணெய் இருக்கும் கிராங்க் கேஸுக்குப் போய்விடும். அடியில் இருக்கும் ஆயில் ரிங்கின் வேலை, சுவரில் தெறித்த எண்ணெயை வழித்து, பள்ளத்தில் உள்ள துளைகள் வழியே பிஸ்டனுக்குள் திருப்பி அனுப்புவது. மேலும் பிஸ்டன் தலையில் சேரும் வெப்பத்தில் பெரும்பகுதி ரிங்குகள் வழியாகத்தான் லைனருக்கும் தண்ணீருக்கும் போகிறது. இந்த மூன்று வேலைகளும் நடக்குமா என்பதை ரிங்கைவிட அது உரசும் சுவரும் அது உட்காரும் பள்ளமும்தான் அதிகம் முடிவு செய்கின்றன. உங்கள் மெக்கானிக் ரிங்கை மட்டும் மாற்றி, சுவரையும் பள்ளத்தையும் அளக்காமல் விட்டிருந்தால், ரிங் அசலாகவே இருந்தாலும் நீங்கள் சொல்லும் நிலைதான் வரும்.

பிரிப்பதற்கு முன், குற்றம் ரிங் பக்கத்தில்தானா என்று பாருங்கள். எண்ணெய் மட்டம் மேல் கோட்டைத் தாண்டி நிரம்பியிருந்தாலும் நீலப் புகை வரும். வால்வு கைடு (வால்வின் தண்டு ஓடும் குழல்) தேய்ந்திருந்தாலும் வரும். கைடு தேய்ந்த இன்ஜின், இரவு முழுவதும் நின்று காலையில் ஸ்டார்ட் ஆகும்போது ஒரு முறை அடர்ந்த நீலப் புகையைக் கக்கிவிட்டுப் பிறகு குறைந்துவிடுவது வழக்கம். ரிங்கோ லைனரோ தேய்ந்த இன்ஜின், பம்பு முழுச் சுமையில் தண்ணீர் இறைக்கும்போது தொடர்ந்து புகைக்கும், பிரீதர் (கிராங்க் கேஸின் காற்றுப்போக்கி) வழியாகவும் எண்ணெய் ஆவி தள்ளும். இன்ஜின் நின்றிருக்கும்போது, டிகம்ப்ரஷன் லீவரை விடுவித்து, கம்ப்ரஷன் பிடிக்கும் நிலையில் வைத்துவிட்டு, ஃப்ளைவீலைக் கையால் கம்ப்ரஷனுக்கு எதிராக மெதுவாக ஏற்றிப் பிடித்துக்கொண்டு காது கொடுத்துக் கேளுங்கள். உஸ்ஸென்ற சத்தம் சைலன்ஸர் பக்கம் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் கிளீனர் பக்கம் கேட்டால் இன்லெட் வால்வு, பிரீதரிலோ எண்ணெய் ஊற்றும் வாயிலோ கேட்டால் ரிங்கும் லைனரும். இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை. ஆனாலும் இது எந்தப் பக்கம் என்பதைத்தான் சொல்லும், எவ்வளவு என்பதைச் சொல்லாது. சிலிண்டரில் சிறிது எண்ணெய் விட்டுப் பார்க்கும் சோதனையை டீசல் இன்ஜினில் நான் பரிந்துரைப்பதில்லை. எரியும் அறை மிகச் சிறியது என்பதால், விட்ட எண்ணெயே கம்ப்ரஷனை உயர்த்திக் காட்டி ஏமாற்றும். சற்று அதிகமாக விட்டால் கனெக்டிங் ராடையே வளைத்துவிடும்.

சத்தம் பிரீதரில் கேட்டால், ஹெட்டையும் பிஸ்டனையும் கழற்றி லைனரை அளக்க வேண்டியதுதான். லைனர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. மேல் ரிங் உச்சியில் நின்று திரும்பும் இடத்தில் வெப்பமும் அழுத்தமும் மிகுதி, எண்ணெய்ப் படலம் மிக மெல்லியது. ஆகவே அங்கேதான் தேய்மானம் மிக அதிகம். அதற்கு மேலே ரிங் தொடாத ஒரு சிறு வளையம் தேயாமல் நின்றுவிடுவதால் அங்கே ஒரு படி உண்டாகிறது. லைனரின் மேல் விளிம்பிலிருந்து விரல் நகத்தைக் கீழ்நோக்கி இழுத்தால் அந்தப் படியில் நகம் வழுக்கி இறங்குவது தெரியும். இந்தப் படியை எடுக்காமல் புதிய ரிங் போடுவது பெரிய தவறு. பழைய ரிங்கின் மேல் ஓரம் அந்தப் படிக்கு ஏற்ப மழுங்கியிருக்கும்; புதிய ரிங்கின் ஓரமோ கூராக இருக்கும்; அது ஒவ்வொரு முறையும் படியில் இடித்து, சில நாட்களில் ரிங்கோ பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவே உள்ள மேடோ உடைந்துபோகும்.

தேய்மானத்தை அளக்க டயல் போர் கேஜ் (உள்விட்டம் அளக்கும் கருவி) இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு புதிய ரிங்கும் ஃபீலர் கேஜும் (இடைவெளியில் விட்டு அளக்கும் மெல்லிய தகடுகள்) போதும். கிராமத்துப் பட்டறையில் இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியாது. ரிங்கை லைனருக்குள் விட்டு, ரிங் இல்லாத பிஸ்டனைத் தலைகீழாக நுழைத்துத் தள்ளினால் ரிங் சாயாமல் நேராக இறங்கும். முதலில் ரிங் ஓடாத கீழ்ப்பகுதிக்குத் தள்ளி வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதே ரிங்கை மேலே கொண்டுவந்து, படிக்குச் சற்றுக் கீழே, மேல் ரிங் திரும்பும் இடத்தில் வைத்து அளந்து எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் அந்த இடத்தில் விட்டம் எவ்வளவு பெருகியிருக்கிறது என்பது கிடைத்துவிடும். ரிங் சுற்றளவைத்தான் அளக்கிறது, சுற்றளவு என்பது விட்டத்தைப் போல 3.14 மடங்கு, அவ்வளவுதான் கணக்கு. கீழே 0.30 மி.மீ., மேலே 0.95 மி.மீ. இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் 0.65, தேய்மானம் ஏறத்தாழ 0.21 மி.மீ. கண்ணுக்குத் தெரியாத கால் மில்லிமீட்டர் தேய்மானம், வாயில் முக்கால் மில்லிமீட்டராக விரிந்து காட்டுகிறது என்பதுதான் இந்த முறையின் வலிமை.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். லைனர் முட்டை வடிவில் கோணியிருந்தால், அதன் சுற்றளவு ஏறக்குறைய மாறாமலே இருக்கக்கூடும். ரிங்கின் வாய் அதைக் காட்டாது. பிஸ்டன் சுவரில் சாயும் பக்கம், அதாவது கிராங்க் ஷாஃப்டுக்குக் குறுக்கான திசையில், தேய்மானம் சற்றுக் கூடுதலாக இருப்பது இயல்பு. லைனரைத் தூக்கிப் பிடித்து, உள்ளே ரிங் இருக்க, அடியில் ஒரு டார்ச்சை வைத்து மேலிருந்து பார்த்தால், ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே பிறை போல வெளிச்சக் கீற்றுத் தெரிகிறதா என்று பார்க்கலாம். கீற்றுத் தெரிந்தால் கோணல் நிச்சயம். தெரியாவிட்டால் கோணல் இல்லை என்று நிச்சயமில்லை, ஏனெனில் புதிய ரிங் தன் இறுக்கத்தால் சிறு கோணலுக்கு வளைந்து கொடுத்துவிடும். இந்த ஐயத்தைத் தீர்க்க லேத் பட்டறையில் டயல் கேஜ் வைத்து, மேல், நடு, கீழ் என மூன்று உயரத்திலும், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசையிலும் அளக்கச் சொல்லுங்கள். 80 மி.மீ. லைனரில் தேய்மானம் 0.10 மி.மீ. வரை இருந்தால் நான் ஹோனிங் (சுவரைக் கல்லால் தேய்ப்பது) செய்து ரிங் மட்டும் போடுகிறேன், 0.20-ஐத் தாண்டினால் ரிங் வாங்க விடமாட்டேன், லைனரே வேண்டும் என்பேன். நடுவில் இருப்பது சந்தேகமான நிலம். ஒரு பருவம் ஓடும், அதற்கு மேல் உத்தரவாதம் கொடுக்க முடியாது. இந்த எல்லைகள் என் அனுபவத்தில் நான் வகுத்துக்கொண்டவை.

இனி ரிங் கேப். உள்விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று முதல் நான்கு பங்கு என்பது பட்டறைகளில் நெடுநாளாக உள்ள கணக்கு. 80 மி.மீ. என்பது 3.15 அங்குலம், அப்படியானால் 0.24 முதல் 0.32 மி.மீ. வரை வரும். இந்த இடைவெளி எதற்கு என்பதைப் புரிந்துகொண்டால் அளவு மறக்காது. வார்ப்பிரும்பு ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 11 பங்கு விரிகிறது. 80 மி.மீ. வட்டத்தின் சுற்றளவு 251 மி.மீ. ஓடும்போது ரிங், லைனரைவிட 100 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடானால், அது 0.28 மி.மீ. கூடுதலாக நீளும். குளிர்ந்த நிலையில் நாம் விட்ட இடைவெளி ஏறக்குறைய முழுவதும் அந்த விரிவுக்கே போய்விடுகிறது. விரிவதற்கு இடமில்லாமல் இரு முனையும் முட்டிக்கொண்டால், ரிங் வெளிநோக்கிப் பிதுங்கிச் சுவரைக் கிழிக்கும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த மூன்றாம் ஆண்டில், கோட்டூர் பக்கத்தில் ஒரு விவசாயியின் இன்ஜினுக்குப் புதிய லைனரில் புதிய ரிங்கை அளக்காமல் போட்டேன். அதுவரை வாங்கிய எல்லா செட்டும் சரியாகவே இருந்ததால் அளக்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஆற்றில் தண்ணீர் வராத ஜூன் மாதம், நாற்றங்கால் முழுவதும் அந்த ஒரு இன்ஜினை நம்பியிருந்தது. நான்கு மணி நேரம் ஓடியதும் சத்தம் கனத்து, சுற்றுக் குறைந்து, நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தபோது மேல் ரிங்கின் இரு முனைகளும் ஒன்றோடொன்று உரசிக் கண்ணாடி போலப் பளபளத்தன. லைனரில் உச்சி முதல் அடிவரை நகம் மாட்டும் ஆழத்துக்குக் கோடுகள். லைனரை என் செலவில் வாங்கிப் போட்டேன், ஆனால் இரண்டு நாள் காய்ந்த நாற்றுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த ரிங்கை இன்றும் பட்டறையில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன், வேலைக்கு வரும் பையன்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.

இடைவெளி சற்று அதிகமானால் கம்ப்ரஷன் போய்விடும் என்று உங்களிடம் ஒருவர் சொன்னது முழு உண்மை இல்லை. வாயு கசியும் வழியின் பரப்பு, வாய் இடைவெளியை, பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள மிகச் சிறிய இடைவெளியால் பெருக்கினால் வருவது, வாய் 0.10 மி.மீ. கூடினால் அந்தப் பரப்பு மிகச் சிறிதளவே கூடும். குறைந்தால் வரும் கேடு இன்ஜினையே நிறுத்தும். ஆகவே ஐயம் வந்தால் இடைவெளி கூடும் பக்கமே சாயுங்கள். அளக்க வேண்டிய இடம், ரிங் ஓடும் தூரத்தில் லைனர் மிகக் குறுகலாக இருக்கும் இடம். தேய்ந்த லைனருக்குப் பெரிய அளவு ரிங்கை வாங்கி, மேலே சரியாக வரும்படி முனையை அராவிப் போடுவார்கள். அது கீழே இறங்கும்போது முட்டும், போதாததற்கு அந்த ரிங் வேறு வட்டத்துக்காகச் செய்யப்பட்டது என்பதால் சுவரை முழுவதும் தொடாது. 0.25, 0.50 மி.மீ. என வரும் பெரிய அளவு ரிங்குகள், அதே அளவுக்குக் கடைந்து அதே அளவு பிஸ்டன் போட்ட சிலிண்டருக்கு மட்டும்தான்.

இடைவெளி குறைவாக இருந்தால் அராவலாம். மெல்லிய அரத்தை வைஸில் நிறுத்திக் கட்டி, ரிங்கைக் கையில் பிடித்து ஒரு முனையை மட்டும், வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்தை நோக்கி ஒரே திசையில் இழுக்க வேண்டும். எதிர்த் திசையில் இழுத்தால் குரோம் பூச்சு ஓரத்தில் பெயர்ந்துவிடும். இரண்டு மூன்று இழுப்புக்கு ஒரு முறை லைனரில் விட்டு அளந்து பாருங்கள். கடைசியில் ஓரத்தில் எழும் பிசிறை எண்ணெய்க் கல்லால் மிக மெதுவாக நீக்குங்கள்.

பள்ளத்துக்கு வருவோம், உங்கள் விஷயத்தில் லைனருக்கு அடுத்து நான் சந்தேகப்படுவது இதைத்தான், ஏனெனில் பழைய பிஸ்டனையே வைத்திருக்கிறீர்கள். பள்ளத்தில் கரி இறுகியிருந்தால் ரிங் முழுவதும் உள்ளே அமிழாது; உடைந்த பழைய ரிங் ஒன்றின் முனையைச் சதுரமாகத் தீட்டி, அதனால் கரியை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும், அலுமினியத்தைச் செதுக்கிவிடக் கூடாது. ஆயில் ரிங் பள்ளத்தின் துளைகள் எல்லாம் திறந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கம்பி விட்டுப் பாருங்கள். பாதி அடைந்திருந்தாலும் வழித்த எண்ணெய் போக வழியில்லாமல் மேலே ஏறும். பிறகு ரிங்கைப் பள்ளத்தில் உருட்டிப் பாருங்கள், எங்கும் பிடிக்கக் கூடாது. ரிங்கின் பக்கவாட்டுக்கும் பள்ளத்தின் சுவருக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விட்டால் புதிய பிஸ்டனில் 0.04 முதல் 0.08 மி.மீ. அளவில் இருப்பது வழக்கம். மேல் பள்ளத்தில் 0.15 மி.மீ. தகடு தாராளமாக நுழைந்தால் அந்தப் பிஸ்டனை நான் திரும்பப் போடுவதில்லை. இடம் அதிகமான பள்ளத்தில் ரிங் மேலும் கீழும் ஆடி, ஒவ்வோர் ஓட்டத்திலும் தனக்கு அடியில் சிக்கிய எண்ணெயை, ஏற்றத்தில் சால் தண்ணீரை மேலே கொண்டுவருவது போல, எரியும் அறைக்கு ஏற்றிக்கொண்டே இருக்கும். லைனர் புதிதாக இருந்தாலும் இந்தப் புகை நிற்காது. பக்கங்கள் சாய்வாக உள்ள ரிங்குகளுக்கு இந்த ஃபீலர் கேஜ் அளவு பொருந்தாது. உங்கள் ரிங்கின் மேலும் கீழும் இணையாக இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிஸ்டனின் பக்கத்தில் ஒரு புறம் மேலேயும் மறுபுறம் கீழேயும் மட்டும் உரசல் பளபளத்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கிறது. அதை நிமிர்த்தாமல் எந்த ரிங்கும் உட்காராது.

லைனர் பழையதாகவே தொடரும் என்றால், அதன் சுவரில் ஏறியிருக்கும் கண்ணாடிப் பளபளப்பை எடுக்க வேண்டும். புதிய ரிங்கும் பழைய சுவரும் சேர்ந்து கொஞ்சம் தேய்ந்துதான் ஒன்றுக்கொன்று பொருந்தும். பளபளத்த சுவரில் அந்தத் தேய்வு நடக்காது, எண்ணெயும் நிற்காது. ஹோன் கல்லை மேலும் கீழும் சீராக ஓட்டினால், ஒன்றையொன்று ஏறத்தாழ 45 பாகையில் வெட்டும் குறுக்குக் கோடுகள் விழும். அவைதான் எண்ணெய் தங்கும் இடம். பட்டறைகள் பலவற்றில் எமரி தாளைக் கையால் குறுக்காகத் தேய்த்துவிடுகிறார்கள். ஒன்றும் செய்யாததற்கு அது மேல், ஆனால் கோடுகள் ஒழுங்காக வராது. அதைவிட முக்கியம் கழுவுவது. டீசலும் மண்ணெண்ணெயும் ஊற்றித் துடைத்தால் எண்ணெய்ப் பசைதான் போகும், கல்லின் துகள் கோடுகளுக்குள்ளேயே தங்கிவிடும். வெந்நீரில் சோப்புத் தூள் கலந்து பிரஷால் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் சாம்பல் நிறம் ஏறுவது நிற்கும்வரை திரும்பத் திரும்பக் கழுவுங்கள். காய்ந்ததும் உடனே எண்ணெய் தடவிவிட வேண்டும். நம் பக்கத்து ஈரக் காற்றில் வெறும் இரும்பு சீக்கிரமே துரு பிடித்துவிடும்.

பொருத்தும்போது ஆயில் ரிங், இரண்டாம் ரிங், மேல் ரிங் என்று அடியிலிருந்து மேலே போங்கள். ரிங் விரிப்பான் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஒரு முனையைப் பள்ளத்தில் மாட்டித் திருகியபடி ஏற்றினால் ரிங் முறுக்கிக்கொள்ளும், பிறகு அது பள்ளத்தில் தட்டையாக உட்காராது. ரிங்கில் டாப் என்றோ ஒரு புள்ளியோ இருந்தால் அது பிஸ்டன் தலையைப் பார்க்க வேண்டும். இரண்டாம் ரிங்கின் முகம் பெரும்பாலும் சாய்வாக இருக்கும். அதைத் தலைகீழாகப் போட்டால் எண்ணெயைக் கீழே வழிப்பதற்குப் பதில் மேலே அள்ளும். 40 மணி நேரம் கழித்தும் உங்கள் புகை துளியும் குறையவில்லை என்பதால் இதையும் கட்டாயம் பாருங்கள். ஆயில் ரிங்குக்குள் சுருள் ஸ்பிரிங் இருந்தால், ஸ்பிரிங்கின் இணைப்பு ரிங்கின் வாய்க்கு நேர் எதிர்ப்பக்கம் வர வேண்டும்.

வாய்களை 120 பாகையில் பிரிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். பிரித்துத்தான் வைக்க வேண்டும், எந்த வாயும் பிஸ்டன் சுவரில் சாயும் பக்கத்துக்கு வராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் ஒரு முறைகூட அப்படி வைக்காமல் விட்டதில்லை. ஆனால் ஓடும் இன்ஜினில் ரிங்குகள் தம் பள்ளத்துக்குள் மெல்லச் சுழன்றுகொண்டேதான் இருக்கின்றன. 120 பாகையில் வைத்தவை எத்தனை மணி நேரம் அங்கேயே நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. எனவே முதல் ஸ்டார்ட்டுக்கு அது உதவும் என்பது நிச்சயம். 40 மணி நேரத்துக்குப் பிறகும் எரியும் எண்ணெய்க்கு அதுதான் காரணம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. போலி ரிங் பற்றியும் அவ்வாறே: கேப், பக்கவாட்டு இடம், வெளிச்சச் சோதனை மூன்றிலும் தேறிய ரிங்கை நான் போடுகிறேன். அதன் இரும்பின் தரத்தையும் இறுக்கத்தையும் கிராமத்துப் பட்டறையில் அளக்க வழியில்லை என்பதால், ரசீது கொடுக்கும் கடையில் மட்டுமே வாங்குகிறேன்.

கோத்து முடித்ததும் இன்ஜினை மணிக்கணக்கில் சுமையில்லாமல் ஓடவிடுவது நம் பகுதியில் பரவலாக உள்ள வழக்கம், பழகட்டும் என்பார்கள். டீசல் இன்ஜினுக்கு அது தீங்கு. சுமை இல்லாவிட்டால் ரிங்குக்குப் பின்னால் போதிய அழுத்தம் வராது, ரிங் சுவரில் படியாது, எண்ணெய் சுவரிலேயே வெந்து மீண்டும் அதே பளபளப்பு ஏறிவிடும். எண்ணெய் அழுத்தமும் தண்ணீர் ஓட்டமும் சரிதானா என்று பார்க்கும் சில நிமிடம் போதும். பிறகு தண்ணீர் இறைக்க விட்டுவிடுங்கள். டெலிவரியில் கேட் வால்வு இருந்தால், மையவிலக்குப் பம்பில் அதைப் பாதி மூடி வைத்தால் இன்ஜினுக்குச் சுமை குறையும். பாதியில் தொடங்கி, முதல் ஒரு மணி நேரத்துக்குள் படிப்படியாக முழுவதும் திறக்கலாம். முதல் எண்ணெயை வழக்கமான கெடுவுக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, லைனர் ஏன் தேய்ந்தது என்று பார்க்காமல் புதியது போட்டால் அதுவும் அதே வழியில் போகும். டெல்டாவில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பவை இரண்டு. ஒன்று தூசி: உளுந்து அடிக்கும்போதும் வைக்கோல் கட்டும்போதும் களத்துக்குப் பக்கத்திலேயே இன்ஜின் ஓடுகிறது, எண்ணெய்த் தொட்டி உள்ள ஏர் கிளீனரில் எண்ணெய் வற்றி, அடியில் சேறு மட்டும் இருக்கும். இன்னொன்று, பலர் நன்மை என்று நினைத்துச் செய்வது: பம்பிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குளிர்நீர்க் குழாயை முழுவதும் திறந்துவிடுகிறார்கள், வெளியே வரும் தண்ணீர் ஆழ்குழாய்த் தண்ணீரைப் போலவே சில்லென்று இருக்கிறது. சுவர் அவ்வளவு குளிர்ந்தால் முழுதாக எரியாத டீசல் சுவரில் படிந்து எண்ணெயைக் கழுவிவிடும். எரிவதில் உண்டாகும் ஈரம் கந்தகத்தோடு சேர்ந்து சுவரை அரிக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இல்லை என்பதால் அரிப்பு முன்போல இருக்காது, ஆனால் எண்ணெய் கழுவப்படுவது மாறவில்லை. வெளியேறும் தண்ணீரில் கையை நீட்டினால் சுட வேண்டும், நெடுநேரம் வைத்திருக்க முடியக் கூடாது; அந்த அளவுக்குக் குழாயை மூடி வையுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போல உவர்நீர் என்றால், உள்ளே உப்புப் படிந்து இதற்கு நேர்மாறாக அளவுக்கு மீறிச் சூடாகும், அங்கே தண்ணீர் அறையையும் திறந்து சுரண்டிப் பார்க்க வேண்டும்.

மேட்டூர் திறப்பு 2024-ல் ஜூலை 28 வரை தள்ளிப்போனபோது உங்கள் இன்ஜின் இரவும் பகலும் ஓடியது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்துப் பார்த்தால் உங்கள் லைனர் 0.20-ஐத் தாண்டியிருக்கும் என்பது என் ஊகம், அளந்த பிறகுதான் அது உறுதியாகும். அப்படியே இருந்தால் லைனர், பிஸ்டன், பின், ரிங் நான்கும் சேர்ந்த செட்டாக வாங்கி, குறுவைக்கு முன்பே முடித்துவிடுங்கள். லைனரின் ரப்பர் வளையம் பிதுங்கியிருந்தால் புதிய லைனரும் அந்த இடத்தில் கோணிவிடும் என்பதால், லைனரை இறக்கிய பிறகு ஒரு முறை உள்விட்டத்தை மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். கழற்றிய ரிங்குகளை எறிந்துவிடாமல், எது எந்தப் பள்ளத்திலிருந்து வந்தது என்று நூல் கட்டி வைத்திருங்கள். மேல் ரிங் மற்றவற்றைவிட மிக அதிகமாகத் தேய்ந்து, முகத்தில் மேலும் கீழுமாக மங்கிய கீறல்கள் இருந்தால் மண் காற்றோடு வந்திருக்கிறது, ஏர் கிளீனரையும் அதன் ஹோஸையும் பாருங்கள். ஆயில் ரிங் அதிகம் தேய்ந்திருந்தால் மண் எண்ணெயில் இருக்கிறது, கிராங்க் கேஸை அடிவரை கழுவாமல் புதிய எண்ணெய் ஊற்றாதீர்கள்.